சுரங்கக் கம்பெனிகளின் இணைப்பும் வில்லங்கம் பார்க்கும் தொழிலும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாஸம்)



நமது சங்கத்தின் காரியதரிசி அவர்கள் சென்ற மாதம் எனக்குக் கடிதம் எழுதி, "தாங்கள் லண்டன் மாநகரில் முப்பது ஆண்டுக்கு மேலாகப் பார்த்துவந்த தொழில் இன்னதென்று நம்மவரிற் பலருக்கு விளங்கவில்லை; அதனை ஒரு மணி நேரம் எடுத்துரைத்தால் படிக்கின்ற பிள்ளைகளுக்கும் உபயோகமாகும்" என்று கேட்டிருந்தார். விளங்கவில்லை என்பது மெய்யே. என் தமக்கையார் உறவினர் கேட்குந்தோறும், "தம்பி சுரங்கத்தில் வேலையாயிருக்கிறான்" என்று மறுமொழி கூறிவந்தார். யான் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூமிக்குள் இறங்குவதாக எண்ணி இரக்கப்பட்டவர்களும் உண்டு.

யான் சுரங்கத்தில் இறங்கியது என் ஆயுளில் ஏழெட்டு முறைக்கு மேலிராது. என் வேலையெல்லாம் காகிதத்தோடுதான். இங்கிலாந்தில் வழக்கறிஞர் இருவகையினர். நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதிப்பவர் பாரிஸ்டர். கக்ஷிக்காரரோடு அமர்ந்து யோசனை கூறி, ஒப்பந்தங்களையும் பத்திரங்களையும் எழுதித் தருபவர் ஸாலிஸிட்டர். யான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். அதிலும் கம்பெனிச் சட்டம் ஒன்றையே மேற்கொண்டு, சுரங்கக் கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்குதல், ஒன்றோடொன்று இணைதல் ஆகிய காரியங்களில் யோசனை கூறுவதையே பிழைப்பாகக் கொண்டவன்.

இத்தொழிலை நம்மூர் வார்த்தையிற் சொல்லவேண்டுமாயின், வில்லங்கம் பார்த்தல் எனலாம். ஒருவர் நாலு ஏக்கர் நஞ்சை வாங்குவதாயிருந்தால் என்ன செய்கிறார்? தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறார். ரிஜிஸ்டர் ஆபீஸில் வில்லங்க சர்ட்டிபிகேட் எடுக்கிறார். வாய்க்கால் யாருடைய வயலைக் கடந்து வருகிறது, மேட்டு வயற்காரனுக்கு வண்டிப்பாதை உண்டா, மைனர் பங்கு எதுவும் விடுபட்டிருக்கிறதா, விதவையான ஓர் அத்தைக்கு ஜீவனாம்சம் எழுதிவைத்திருக்கிறதா என்றெல்லாம் நாலு பேரிடம் விசாரிக்கிறார். விற்பவன் வாய்திறந்து சொல்லாத பாத்தியதையும் நிலத்தோடு கூடவே வந்து சேரும் என்பதை நம் பாட்டிமாரும் அறிவர். சுரங்கக் கம்பெனியை வாங்குவோனுக்கும் இதே கவலைதான். ஏக்கருக்குப் பதிலாக அங்கே மலைகள் இருக்கும். அத்தைக்குப் பதிலாக ஓர் ஊர் இருக்கும், சில வேளை ஒரு நதியே இருக்கும்.

சுரங்கக் கம்பெனிகள் ஏன் இப்படி ஒன்றையொன்று விழுங்க அலைகின்றன என்று கேட்கலாம். நெசவாலையில் யந்திரம் தேய்ந்தால் வேறு யந்திரம் வைக்கலாம். சுரங்கமோ வேலை செய்யச் செய்யக் குறைவது. இன்று எடுத்த தாதுவை நாளை மறுபடி எடுக்க இயலாது. கோலார் தங்கவயலை நம்மில் அறியாதார் இலர். வடஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு ஸன்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் அதன் நிர்வாகத்தில் இறங்கினார்கள். மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று ஒரே பொன் ரேகையின்மீது தனித்தனிக் கம்பெனிகள் நின்றன. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேலும் தோண்டினார்கள். 1956-ல் மைசூர் சர்க்கார் அவற்றை ஏற்றுக்கொண்டது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பொன் எடுப்பது நின்ற பிறகு எஞ்சியவை சயனைடு மேடுகளும், போக்கிடமற்ற ஜனங்களும். இந்த முடிவு எல்லாச் சுரங்கத்துக்கும் என்றேனும் உண்டு. ஆதலின், கைவசமுள்ள தாது தீருமுன் வேறு தாது தேடவேண்டும். புதிதாகக் கண்டுபிடித்துத் தோண்டிப் பலன் காணப் பத்துப் பதினைந்து ஆண்டு செல்வது சாதாரணம். கண்டுபிடித்து வைத்திருப்பவனை வாங்குவதோ ஓராண்டு வேலை. டைரக்டர்கள் இரண்டாவதையே விரும்புவதில் வியப்பென்ன?

இத்தொழிலின் பழங்கதை ஒன்றைக் கூறுகிறேன். தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி என்னுமிடத்தில் 1871-ல் வைரம் கண்டார்கள். முதலில் நிலத்தை 31 அடிச் சதுர மனைகளாகப் பங்கிட்டு ஆளுக்கொன்றாகத் தோண்டினர். ஒருவன் ஆழத் தோண்டுவான், பக்கத்தவன் பாதியில் நிற்பான், நடுச்சுவர் சரியும், மழைநீர் எல்லார் குழியிலும் புகும். ஆகவே மனைகள் கூட்டாகி, கூட்டுகள் கம்பெனிகளாகி, இறுதியில் இரண்டு பெரிய கம்பெனிகள் எதிரெதிர் நின்றன. டிபீர்ஸ் கம்பெனியின் பக்கம் ஸெஸில் ரோட்ஸ். கிம்பர்லி ஸென்ட்ரல் கம்பெனியின் பக்கம் பார்னி பர்னாட்டோ. இருவரும் போட்டியிட்டுப் பங்குகளை வாங்கிச் சலித்தபின், 1888 மார்ச்சில் டிபீர்ஸ் கன்ஸாலிடேட்டட் என்னும் புதுக் கம்பெனியின்கீழ் ஒன்றாவதென்று உடன்பட்டனர். அப்புதுக் கம்பெனியின் அமைப்புப் பத்திரத்தில் வைரம் தோண்டும் அதிகாரத்தோடு நில்லாமல், தேசங்களைக் கைக்கொள்ளவும், படை வைத்துக் காக்கவும் கூட ரோட்ஸ் இடம் வைத்துக்கொண்டார்.

ஸென்ட்ரல் கம்பெனியின் சிறிய பங்குதாரர் சிலர் இதனை ஏற்கவில்லை. தங்கள் கம்பெனியின் விதிப்படி, "ஒத்த வகையான" கம்பெனியோடு மாத்திரமே இணையலாம் என்று வழக்குத் தொடுத்தனர். கேப் காலனியின் நீதிமன்றம் 1888 ஆகஸ்டில் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. வைரம் தோண்டுகிற கம்பெனியும் ராஜ்யம் பிடிக்கக் கூடிய கம்பெனியும் ஒத்த வகையின அல்ல என்பது அதன் கருத்து. விதியிலிருந்த ஒரு சிறு சொல் அவ்வளவு பெரிய மனிதரை நிறுத்திவிட்டது! ஆனால் எத்தனை நாள் நிறுத்திற்று? பெரும்பான்மைப் பங்குகள் ரோட்ஸிடமும் பர்னாட்டோவிடமும் இருந்தன. இணைய முடியாவிட்டால் ஸென்ட்ரல் கம்பெனியையே கலைத்துவிட்டு, அதன் சொத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாமே என்று அவ்வாறே செய்தனர். 1889 ஜூலையில் டிபீர்ஸ் கொடுத்த செக்கின் தொகை 53,38,650 பவுன். வழக்கில் வென்றவர் சிறு பங்குதாரர். காரியத்தில் வென்றவர் ரோட்ஸ்.

இளமையில் இவ்வழக்கைப் படித்தபோது, மூடிய கதவுக்குப் பக்கத்தில் வேறு கதவு கண்ட சாதுரியமே என் மனத்தைக் கவர்ந்தது. பிற்காலத்தில் வேறொன்று உறுத்திற்று. வைரத்தை வெட்டியெடுத்த ஆப்பிரிக்கத் தொழிலாளிகள், ஒப்பந்த காலம் முடியுமட்டும் வேலியிட்ட விடுதிகளைவிட்டு வெளியே செல்லலாகாதென்ற ஏற்பாடு கிம்பர்லியில் பரவியது அந்த ஆண்டுகளிலேதான். வழக்கு முழுதும் பங்குதாரரின் பாத்தியதை பற்றியது. தொழிலாளிகளைப் பற்றி வழக்குத் தொடுக்க அங்கே யாருக்கும் இடமில்லை.

நிற்க, இத்தொழிலில் வருவாய் எப்படி என்று தகப்பன்மார் கேட்பார்கள். அமெரிக்காவில் ஸாமுவேல் அன்டர்மையர் என்றொரு வழக்கறிஞர் இருந்தார். 1858-ல் வர்ஜீனியாவில் பிறந்து நியூயார்க்கில் தொழில் நடத்தியவர். 1910-ல் யூட்டா காப்பர் என்னும் செம்புக் கம்பெனியோடு பாஸ்டன் கன்ஸாலிடேட்டட், நெவாடா கன்ஸாலிடேட்டட் என்பவற்றைச் சேர்த்துவைத்த காரியத்துக்கு அவர் பெற்ற கூலி 7,75,000 டாலர். சேர்த்து வைத்த சொத்தின் மதிப்பு பத்துக் கோடி டாலருக்கு மேல். அதே மனிதர் 1912-ல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழுவுக்கு வழக்கறிஞராக அமர்ந்து, பணமெல்லாம் சிலர் கையில் ஒடுங்குவது எவ்வாறென்று ஜே. பி. மார்கன் முதலிய பெருந்தனவந்தரைக் குறுக்கு விசாரணை செய்தார். கட்டியவருக்கே கட்டடத்தின் பலவீனம் தெரியும் போலும். அவர் சேர்த்துவைத்த பிங்ஹாம் செம்புச் சுரங்கம் கைமாறிக் கைமாறி, 1989-ல் ஆர்.டி.இஸட். என்று அப்போது பெயர் வழங்கிய ரியோ டிண்டோ கம்பெனியாரிடம் வந்து சேர்ந்தது.

அத்தகைய கூலி நூற்றில் ஒருவருக்குக் கிடைப்பது. ஆயினும் குறைவில்லாத வருமானம் உண்டு என்பதை மறைப்பானேன். அதற்கு ஈடாக உறக்கத்தைக் கொடுக்கவேண்டும். எங்கள் ஆபீஸில் ஆறு நிமிஷத்தை ஓர் அலகாக வைத்து, ஒவ்வோர் அலகையும் எந்தக் கக்ஷிக்காரருக்காகச் செலவிட்டோம் என்று எழுதிவைப்போம். என் மூத்த மகன் சிறுபிள்ளையாயிருந்தபோது, "அப்பா, எனக்கு இரண்டு அலகு உண்டா?" என்று கேட்டுவிட்டு ஓடுவான்.

இனி, வேலை நடக்கும் விதம். இரு கம்பெனிகள் இணைய நினைத்தால் விற்பவர் தம் தஸ்தாவேஜுகளையெல்லாம் ஓரிடத்தில் குவித்து வைப்பர். யான் தொழிலிற் புகுந்த காலத்தில் அது மெய்யாகவே ஓர் அறை. பூட்டிய கதவு, காவலுக்கு ஒருவர், நகலெடுக்கத் தடை. பின்னாளில் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அங்கே இருப்பவை சுரங்கக் குத்தகைகள், தண்ணீர் எடுக்கும் அனுமதிகள், சர்க்காருக்குச் செலுத்தும் ராயல்டிக் கணக்குகள், தொழிலாளர் உடன்படிக்கைகள், சுரங்கம் மூடும்போது நிலத்தைச் சீராக்குவோம் என்ற ஜாமீன்கள் முதலியன. இவற்றில் முக்கியமாகத் தேடவேண்டிய ஷரத்து ஒன்றுண்டு. கம்பெனியின் உடைமை கைமாறினால் இந்தக் குத்தகை எங்கள் சம்மதமின்றிச் செல்லாது என்று பல தேசத்துச் சர்க்கார்கள் எழுதி வைத்திருக்கும். அதைக் காணாமல் விட்டவன் மலையை வாங்கிவிட்டு மலைக்குப் போகும் பாதையை இழந்தவனாவான். பங்குதாரரின் சம்மதம் வேறு. போட்டி குன்றிவிடுமோ என்று பார்க்கும் பல தேசத்து அதிகாரிகளின் சம்மதம் வேறு.

இந்தக் கடைசிச் சம்மதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கிளென்கோர், எக்ஸ்ட்ராட்டா ஆகிய இரு பெருங் கம்பெனிகளின் இணைப்பே சாக்ஷி. 2012 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஓர் எக்ஸ்ட்ராட்டா பங்குக்கு 2.8 கிளென்கோர் பங்கு என்பது முதற் பேச்சு. எக்ஸ்ட்ராட்டாவில் ஏறக்குறைய 34 சதவிகிதம் கிளென்கோரிடமே இருந்தது. வாங்குபவனே விற்பவனாக வோட்டளிக்கலாகாது அல்லவா? ஆதலின் அப்பங்குகள் ஒதுக்கப்பட்டன. எஞ்சியவற்றில் நாலில் மூன்று பங்கு மதிப்பினர் இசையவேண்டும். கணக்குப் பார்த்தால் மொத்தத்தில் 16.5 சதவிகிதம் உள்ளவர் மறுத்தாலே எல்லாம் கவிழ்ந்துவிடும். கத்தார் தேசத்து முதலீட்டு ஸ்தாபனம் 12 சதவிகிதம் அளவில் வைத்துக்கொண்டு, போதாது என்றது. விலை 3.05 பங்காக ஏறிற்று. 2013 மே 2-ந் தேதி இணைப்பு நிறைவேறிற்று.

அதற்கு முன் சீனச் சர்க்காரின் வர்த்தக இலாகா ஒரு நிபந்தனை விதித்திருந்தது. உலகத்துச் செம்பில் பெரும் பங்கை வாங்குவது சீனம். இரு கம்பெனிகளும் ஒன்றானால் விலை ஏறும் என்று அஞ்சி, பெரு தேசத்தில் எக்ஸ்ட்ராட்டா கட்டிக்கொண்டிருந்த லாஸ் பம்பாஸ் என்னும் செம்புச் சுரங்கத்தை விற்றுவிட வேண்டும் என்றது. 2014-ல் சீனக் கம்பெனி ஒன்று தலைமை வகித்த கூட்டத்தார் அதனை வாங்கினார்கள். சட்டப்படி எல்லாம் சரியே. ஆனால் கவனியுங்கள். அந்தச் சுரங்கம் ஆண்டீஸ் மலையில் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. முதல் திட்டத்தில், பொடித்த தாதுவை நீரிற் கலந்து குழாய் வழியே கிளென்கோரின் வேறொரு சுரங்கம் இருக்கும் இடத்துக்கு இறக்குவதாக இருந்தது. சுரங்கங்கள் இரண்டும் வெவ்வேறு எஜமானருக்குப் பிரிந்தவுடன் குழாய்த் திட்டம் கைவிடப்பட்டது. தாது லாரிகளில் ஏறிற்று. மலைக் குடியானவரின் மண் சாலையிலே நாள்தோறும் லாரிகள் வரிசையாக ஓடின. புழுதி பயிரிலும் வீட்டிலும் படிந்தது. 2015-ல் நடந்த கிளர்ச்சியில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பின்னும் ஆண்டுக்கு ஆண்டு சாலை மறியல்கள் நடந்தன. பீகிங்கில் இட்ட ஒரு நிபந்தனை பெருவின் குடியானவன் வாசலில் புழுதியாக இறங்கிற்று. இணைப்புப் பத்திரத்தில் எந்தப் பக்கத்தில் இது எழுதியிருந்தது என்று கேட்டால், எந்தப் பக்கத்திலும் இல்லை என்பதே விடை.

வாங்கியவரின் கைக்கு நாள் கழித்து வந்த வில்லங்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவின் பி.எச்.பி. கம்பெனியார் 1984-ல், அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிடமிருந்து யூட்டா இன்டர்நேஷனல் என்னும் சுரங்கக் கம்பெனியை வாங்கினார்கள். முன் சொன்ன யூட்டா காப்பர் வேறு, இது வேறு. இந்த ஒரு வாங்குதலில் குயின்ஸ்லாந்து நிலக்கரி வந்தது. சிலி தேசத்து எஸ்கொண்டிடா வந்தது. அஃது இன்று உலகிலேயே மிகுதியாகச் செம்பு தரும் சுரங்கம். கூடவே, பிரேஸில் தேசத்தில் இரும்புத்தாது எடுக்கும் ஸமார்கோ என்னும் கூட்டுக் கம்பெனியில் ஒரு பங்கும் வந்தது. பிறகு 2000-ல் பிரேஸிலின் வாலே கம்பெனி மற்றப் பங்காளியை வாங்க, இருவரும் பாதிக்குப் பாதி உடையவரானார்கள். 2015 நவம்பர் 5-ந் தேதி ஸமார்கோவின் பண்டவோன் என்னும் கழிவுச் சேற்றணை உடைந்தது. பென்ட்டோ ரோட்ரிகஸ் என்னும் கிராமம் சேற்றில் மூழ்கிற்று. 19 பேர் மாண்டனர். சேறு டோஸே நதி வழியே 600 கிலோமீட்டருக்கு மேல் சென்று அட்லாண்டிக் சமுத்திரத்தில் கலந்தது.

1984-ல் அந்தப் பத்திரத்தைப் படித்த வழக்கறிஞர்மேல் பழி சொல்லலாமா? கூடாது. அவ்வணை அப்போது கட்டப்படவே இல்லை. அஃது எழுந்தது இருபது ஆண்டுக்கும் பிறகு. வந்து சேர்ந்தது அணையன்று, அணையைக் கட்டப்போகும் கம்பெனியில் ஓர் ஆசனம். அந்த ஆசனத்தோடு, அங்கே என்ன நடக்கிறதென்று கேட்கும் கடமையும் வந்தது. 2024 அக்டோபரில் பிரேஸில் சர்க்காரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் தொகை 17,000 கோடி ரெயால். 2025 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றமும் பி.எச்.பி. கம்பெனியைப் பொறுப்பாளியென்று தீர்ப்பளித்தது.

எங்கள் தொழிலில் ஒரு நூற்றாண்டாக நாங்கள் விற்றுவந்த சரக்கு ஒரு சுவர். தாய்க் கம்பெனி வேறு, கிளைக் கம்பெனி வேறு. கிளையின் கடன் தாயைச் சேராது என்பதே அச்சுவர். அது விழவில்லை. ஆனால் அதில் இப்போது ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. ஸாம்பியா தேசத்தில் சிங்கோலாவைச் சேர்ந்த 1,826 பேர், செம்புச் சுரங்கக் கழிவினால் தங்கள் ஆறும் நிலமும் கெட்டனவென்று லண்டனில் வேதாந்தா கம்பெனிமீது வழக்குத் தொடுத்தனர். தாய்க் கம்பெனி கிளையின் காரியங்களில் மெய்யாகவே தலையிட்டு நடத்திற்றா என்பதே கேள்வி, அதனை இங்கேயே விசாரிக்கலாம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2021-ல் அவ்வழக்கு ராஜியாக முடிந்தது. இத்தீர்ப்பு வந்த வாரத்தில் எங்கள் ஆபீஸில் பழைய பத்திரங்களை மறுபடி எடுத்துப் படிக்காத அறை இல்லை.

என் சொந்த அனுபவத்தில் ஒன்று. கக்ஷிக்காரர் பெயரும் தேசத்தின் பெயரும் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஒரு கம்பெனியை வாங்குவதற்காகத் தஸ்தாவேஜுகளைப் படிக்கையில், ஓர் இஞ்சினீயர் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் அகப்பட்டது. அங்குள்ள சேற்றணையின் உள்ளே நீர்மட்டம் மூன்று மழைக்காலமாக ஏறிவருகிறது, கீழ்ப்பக்கத்தைப் பலப்படுத்தவேண்டும் என்பது அதன் சாரம். விற்பவர் பதில் எழுதியதாகக் காணோம். டைரக்டர்களுக்கு யாங்கள் எழுதும் அறிக்கை 200 பக்கத்துக்குக் குறையாது. அவர்கள் படிப்பது முதற்பக்கத்தை மாத்திரமே. கக்ஷிக்காரரின் அதிகாரி ஒருவர், "இதை உள்ளே 143-ஆம் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள், மறைத்ததாகாது" என்றார். மறைத்ததாகாது என்பது சட்டப்படி உண்மையே. யான் அதை முதற்பக்கத்தின் முதல் வரியாக எழுதினேன். டைரக்டர்கள் நான்கு வாரம் தாமதித்து, விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, அப்பணத்தைக்கொண்டு அணையைப் பலப்படுத்தவேண்டும் என்ற ஷரத்தோடு கையெழுத்திட்டனர். அந்த அதிகாரி அடுத்த ஆறு ஆண்டுகள் எங்கள் ஆபீஸுக்கு ஒரு வேலையும் அனுப்பவில்லை. எங்களில் மூத்த கூட்டாளி ஒருவர், அந்த ஒரு வரியின் விலை என்ன என்று கணக்கிட்டு என் மேஜைமேல் வைத்தார். அணை நிற்கிறது. என் வரியினால் நிற்கிறதா, அல்லாமலும் நின்றிருக்குமா என்று எவராலும் கூற இயலாது. நேராத தீங்குக்குச் சாக்ஷி ஏது?

இனி நம் வீட்டு விஷயம். 2012 பிப்ரவரியில், கோவாவில் இரும்புத்தாது எடுத்துவந்த ஸேஸா கோவா கம்பெனியோடு, தூத்துக்குடியில் ரிஜிஸ்டர் ஆபீஸ் கொண்டிருந்த ஸ்டெர்லைட் இன்டஸ்ட்ரீஸ் கம்பெனியை இணைக்கும் ஏற்பாடு வெளியாயிற்று. மேட்டூர் மால்கோவும் அத்திட்டத்தில் அடங்கும். 5 ஸ்டெர்லைட் பங்குக்கு 3 ஸேஸா கோவா பங்கு என்று விகிதம் வகுத்தனர். விகிதம் வகுத்தபின், அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபரில் கோவாவின் சுரங்க வேலையெல்லாம் நிறுத்தப்பட்டது. 2013 மார்ச்சு இறுதியில் தூத்துக்குடி உருக்காலையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உத்தரவால் சிறிது காலம் மூடப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா கிளையும் சென்னை உயர் நீதிமன்றமும் சம்மதம் அளிக்க, 2013 ஆகஸ்டில் இணைப்பு முடிந்தது. 2015-ல் வேதாந்தா லிமிடெட் என்று பெயர் மாறிற்று. 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கியால் 13 பேர் மாண்டதும், அம்மாதமே ஆலை மூடப்பட்டதும் நம் நாட்டார் நெஞ்சை விட்டு அகலாதவை.

யான் சொல்ல வந்தது அந்த இணைப்பு நன்றா தீதா என்பதன்று. அக்காலத்தில் நம் குடும்பங்களிற் பல இந்தப் பங்குகளை வைத்திருந்தன. தபாலில் அறிவிப்பு வந்தது, புத்தகம்போல் கனத்திருந்தது, பழைய பேப்பர்காரனுக்குப் போயிற்று. என் சிற்றன்னையார் ஒருவர் அதன் பின்னட்டையில் பால் கணக்கு எழுதிவைத்திருந்ததை யானே கண்டேன். கோவாச் சுரங்கம் நின்ற பிறகும் அதே விகிதம் நியாயமா என்று கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. கேட்கலாம் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

இக்காலத்தில் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி இவ்விஷயங்கள் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் முன் வருகின்றன. அறிவிப்பு ஒவ்வொரு பங்குதாரருக்கும் வரவேண்டும். வோட்டளிப்பவரில் மதிப்பால் நாலில் மூன்று பங்கினர் இசையவேண்டும். ஆனால் திட்டத்தை எதிர்த்து ஆக்ஷேபம் எழுப்பப் பத்து சதவிகிதப் பங்கேனும் வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். கிம்பர்லியில் வழக்காடிய அச்சிறு பங்குதாரர் இன்று இங்கே இருந்திருந்தால் அவர்கள் குரல் எழுந்திருக்குமோ என்பது சந்தேகமே. இந்த விதி எனக்கு உவப்பானதன்று. எனினும் வோட்டு நம் கையில் இருக்கிறது. தபாலிலோ கம்ப்யூட்டர் மூலமோ வீட்டிலிருந்தே போடலாம். மற்றொன்று, ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்டு வாங்காமல் விட்டால் தொகையும் பங்கும் சர்க்காரின் முதலீட்டாளர் நிதிக்குப் போய்விடும். பிறகு மனுச் செய்தே மீட்கவேண்டும். கணவரை இழந்த பெண்மணிகள் இருக்கும் வீடுகளில் இரும்புப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்பது நலம்.

பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. இத்தொழிலுக்குச் சட்டப் படிப்பு மாத்திரம் போதாது. கணக்கு வாசிக்கத் தெரியவேண்டும். பூமிநூல் கொஞ்சமேனும் கற்கவேண்டும். தாதுவின் தரம் அரை சதவிகிதம் என்பதற்கும் ஒரு சதவிகிதம் என்பதற்கும் உள்ள பேதம் புரியாதவன் ஒப்பந்தத்தின் பாதியைக் குருடனாகவே எழுதுவான். சுரங்கம் இருக்கும் இடத்துக்கு ஒருமுறையேனும் போய்ப் பார்க்கவேண்டும். யான் பயிற்சியாளனாய் இருந்தபோது என் மேலதிகாரி என்னைத் தூரதேசத்துச் சுரங்கத்துக்கு அனுப்பினார், திரும்பியதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "அங்கே குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்பதே. பெண்கள் இத்தொழிலில் இப்போது அதிகம் வருகிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். பத்திரம் படிப்பதில் பொறுமை அவர்களுக்கு மிகுதி என்பது என் அபிப்பிராயம். ஆண்பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இக்கூட்டத்துக்கு முன், சட்டம் படிக்கும் பெண்ணொருத்தி என்னிடம் வந்து, "பெரியப்பா, நீங்கள் ஒப்பந்தம் எழுதிய அறையில் அந்த ஊர்க்காரர் யாராவது எப்போதாவது உட்கார்ந்திருந்தார்களா?" என்று கேட்டாள். 31 ஆண்டில் ஒருமுறையும் இல்லை, அம்மா. வழக்கறிஞனுக்குக் கக்ஷிக்காரர் ஒருவரே. அவருக்குத் துரோகம் செய்து ஊருக்கு உழைக்க அவனுக்கு அதிகாரமில்லை. ஆனால் ஊரைப் பற்றிய காகிதம் அறைக்குள் வரும். அதை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பது பெரும்பாலும் அறையிலேயே வயதிற் சிறியவர் கையில் இருக்கும். ஏனெனில் அறிக்கையின் முதல் நகலை எழுதுபவர் அவரே. நீ போய் அங்கே உட்கார்.

இன்னும் ஒரு விண்ணப்பம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் 12 மணிவரை நம் சங்க வாசகசாலையில் யான் இருப்பேன். கம்பெனிகளிடமிருந்து வந்த அறிவிப்புகள், பழைய பங்குப் பத்திரங்கள் எவை இருந்தாலும் கொண்டுவாருங்கள், கட்டணமில்லை. அவற்றின்மேல் பால் கணக்கு எழுதியிருந்தாலும் பாதகமில்லை.